பத்துக் கிலோவுக்குக் கீழே

புளியரை எடைமேடையில் எனக்கு இரவு முறை.
வைக்கோல் லாரி, முட்டை லாரி, தடி லாரி
ஏறி நின்று மூச்சு வாங்கி
மலைப்பக்கம் இறங்கிப் போகும்.
பத்துக் கிலோவுக்குக் கீழே எதுவும்
இந்த மேடைக்குத் தெரியாது.
ஆளில்லாத நேரம் ஒன்றில்
அந்த மடிக்கணினியை நடுவில் வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம்.
நானும் ஏறி நின்றேன்.
ஐம்பது என்றது. பொய், நாற்பத்தாறுதான்.

புனலூர் ஆக்ரிக் கடையில்
தங்கச்சன் தராசு வேறு.
மூன்று கிலோ இருநூறு.
இரும்பு விலையா பிளாஸ்டிக் விலையா என்று
நகத்தால் தட்டிப் பார்த்து
"சேச்சி, ஒரு நூற்றைம்பது தா" என்றான்.
கறுப்புப் பெட்டி.
விசைகளுக்கு நடுவே பென்சில் ரப்பர் அளவில்
சிவப்பாய் ஒரு மொட்டு.
கீல் இரண்டும் விட்டுப்போய்
கழுத்து நிற்காத பிள்ளைபோல்
திரை சரிந்தது என் மணிக்கட்டில்.

திருகுகள் முப்பத்தொன்று.
இட்லித் தட்டில் குழிக்கொரு நீளமாய்ப் பிரித்து வைத்தேன்.
ஒரு மாதம் வீட்டில் தோசைதான்.
மின்தேக்கிகள் நாலு கசிந்திருந்தன;
சூடு பட்டதும் பழைய மத்தி நாற்றம்.
பக்கத்து வீட்டுப் பூனை வந்து
மேசைக்கடியில் நம்பிக்கையோடு உட்கார்ந்துகொண்டது.
சாரல் மாதம் வேறு.
ஜன்னலைத் திறந்தால் ஈயப்புகை போகும், ஈரம் வரும்.
மூடினால் நான் இருமுவேன்.

கடையநல்லூர் வாவா மைதீன்
எக்ஸ்ரே எடுக்கிறவர்.
அவருக்கும் இதே கிறுக்கு.
மத்தியானச் சோற்று வேளையில்
மதர்போர்டைப் படுக்கவைத்துப் படமெடுத்து அனுப்பினார்.
மூலையில் மயிரிழை விரிசல்.
"இதுக்கு மாவுக்கட்டு கேக்காதும்மா" என்று
ஒரு குரல் செய்தி,
பின்னால் யாரோ முழங்கை வலியில் முனகும் ஒலியோடு.
மயிரினும் மெல்லிய கம்பியால் தைத்தேன்.

கெட்ட பவர்பேங்கிலிருந்து ஆறு செல்.
கரகரத்துச் சுற்றிய தட்டுக்குப் பதில் கேமரா கார்டு.
இப்போது சத்தமே இல்லை.
சத்தம் இல்லாமல்
ஓடுகிறதா செத்ததா என்று சந்தேகம் வந்து
விளிம்பில் ஒரு பச்சை விளக்கு பதித்தேன்.

திரையின் மேல்தாள் புளித்துக் காடி நாறியது.
இரண்டு இரவு உரித்தேன், துணுக்குத் துணுக்காய்,
லாரிக்கும் லாரிக்கும் இடையில்.
புதுத்தாளைக்
குறுக்குவாட்டில் வெட்டிவிட்டேன்.
எரியவிட்டதும்
வெள்ளை கறுப்பு, கறுப்பு வெள்ளை,
நீலமெல்லாம் மஞ்சள்.
மைதீன் சிரித்தார். "எங்க ஆசுபத்திரி படம் மாதிரியே இருக்கு.
மாத்திரு, தாள் நானூறு ரூபாதான்."
மாற்றவில்லை.
இரவு முறைக்காரி கண்ணுக்கு
இருட்டில் வெள்ளெழுத்து இதமாய்த்தான் இருக்கிறது.

கடிகாரத்துக்கான காசு மின்கலத்தையும் மாற்றவில்லை.
மறந்துபோச்சு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
திறக்கும்போதெல்லாம்
எண்பதாம் வருஷம், ஜனவரி ஒன்று என்கிறது.
நான் பிறக்க இன்னும் ஆறு வருஷம்.
எடைமேடை இருக்கும் இடம் அப்போது நெல்வயல்.

வைக்கோலோடு வந்த இசக்கித்துரை
சீட்டுக்கு நிற்கையில் எட்டிப் பார்த்தார்.
"இதுல படம் பாக்கலாமா?"
முடியாது.
"நெட்டு?"
வராது.
"பொறவு?"
"எரியுது பாருங்க" என்றேன்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
நனைந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு
மறுபடி பார்த்தார்.
"ஆமா" என்றார், "எரியுது."

நாலாம் நாள் கொட்டாரக்கரையிலிருந்து வெறும் வண்டியாய்த் திரும்பியவர்
கோணிச் சாக்கில் ஒன்று கொண்டுவந்து
மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
காசு கேட்கவில்லை.
பின்மூடியைத் திறந்தால்
உள்ளே முழுக்க எறும்புகள்,
வெள்ளை முட்டைகளோடு,
விசிறியின் இதழ்களுக்கிடையே.

வெயிலில் வைத்தால் தாமாகக் கிளம்பிவிடும்.
திருகுளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.
சாரல் விட்டபாடில்லை.